எட்டில் ஒன்றா, ஆறில் ஒன்றா? நிகழ்தகவுப் பயிற்சி வினாக்களைத் திருத்துதல்

தேர்வுக்கான பயிற்சி நூல் மறுபதிப்புக்குப் போகும்போது முதலில் திருத்தப்படுவது விடைக்குறிப்பு. 3/8 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5/8 என்று அச்சாகியிருக்கும்; ஆசிரியர் யாராவது சுட்டிக்காட்டியிருப்பார்; அடுத்த பதிப்பில் அது சரியாகிவிடும். இயற்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும் பெரும்பாலும் இவ்வளவே போதும். நிகழ்தகவுக்குப் போதாது. அங்கே கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் வினா தவறாக இருக்க இடமுண்டு. என்ன சோதனை நடந்தது, எப்படி நடந்தது, எதை எண்ண வேண்டும் என்பவற்றில் ஒன்றை வினா சொல்லாமல் விட்டால், வெவ்வேறு இரண்டு விடைகளுக்கும் நியாயம் கிடைத்துவிடும். விடைக்குறிப்போ அவற்றில் ஒன்றைத்தான் ஏற்கும்.

தமிழ்வழி மாணவருக்கான நிகழ்தகவு வினாக்களைத் திருத்துகிறவர் எதைத் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எடுத்துக்காட்டுகள் பலவும் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து, குறிப்பாகத் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள உப்பூரைச் சுற்றிய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்படுகின்றன. வினாக்களை ‘நம் ஊருக்கு ஏற்ப’ மாற்றும் முயற்சி எங்கே உதவுகிறது, எங்கே புதுப் பிழையைக் கொண்டுவருகிறது என்பதைச் சோதிக்க அது நல்ல களம்.

1. பாடமும் தேர்வும்

தமிழ்நாட்டில் 2018–19, 2019–20 கல்வியாண்டுகளில் அறிமுகமான புதிய பாடநூல்களில் நிகழ்தகவு படிப்படியாக வளர்கிறது. பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எட்டாம் அலகு ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் பன்னிரண்டாம் அலகு நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அறிமுகம். பன்னிரண்டாம் வகுப்பில் பதினொன்றாம் அலகு நிகழ்தகவுப் பரவல்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் படிப்போருக்கும், புள்ளியியலைத் தனிப்பாடமாக எடுப்போருக்கும் இதே பொருள் வேறு அளவுகளில் வருகிறது. பட்டப்படிப்புக்குப் பிறகு அரசுப் பணியாளர் தேர்வாணையம் புள்ளியியல் பணிகளுக்கு நடத்தும் தேர்வுகளுக்குப் படிப்போர் மீண்டும் பகடையிலிருந்தும் நாணயத்திலிருந்தும்தான் தொடங்குகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 மதிப்பெண், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியது. ஐந்து மதிப்பெண் வினாவில் மாணவர் தம் அனுமானத்தை எழுதிக் காட்டலாம். திருத்துகிறவர் அதைப் படிக்கலாம். ஒரு மதிப்பெண் வினாவில் அதற்கு வழியில்லை. வினாவை வேறுவிதமாகப் படித்தவர் பூச்சியத்தோடு வெளியேறுவார். கைடுகளும் வினா வங்கிகளும் பெரிதும் நிரப்பிவைத்திருப்பது இந்த வகை வினாக்களைத்தான். தெளிவின்மையின் விலை மிக அதிகமான இடமும் அதுவே.

2. பழைய தகராறு

நிகழ்தகவு வினாவின் தெளிவின்மை தமிழுக்கோ கைடுகளுக்கோ உரிய தனிக்குறை அல்ல. பெரிய மூளைகளே இதில் இடறியிருக்கின்றன. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் கணிதவியலாளர் தலாம்பேர் எழுதிய கட்டுரை, நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதிட்டது. முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூ–தலை, பூ–பூ என மூன்றே நிலைகள் என்பது அவர் வாதம். மூன்றும் சம வாய்ப்புள்ளவை அல்ல என்பதை அவர் ஏற்கவில்லை. சரியான விடை 3/4. இன்றும் மரவரைபடத்தின் கிளை நுனிகளை எண்ணி விடை எழுதும் மாணவர் தலாம்பேரின் வழியில்தான் நடக்கிறார்.

சாதகமான நிலைகளை மொத்த நிலைகளால் வகுக்கும் வரையறையை லாப்லாஸ் 1812இல் நிலைநிறுத்தினார். ‘எல்லா நிலைகளும் சம வாய்ப்புள்ளவை எனில்’ என்ற நிபந்தனையே அந்த வரையறையின் உயிர். பெர்த்ரான் 1889இல் அந்த இடத்தைத்தான் குத்திக்காட்டினார். வட்டத்தில் சமவாய்ப்பு முறையில் ஒரு நாண் வரைந்தால், அது உள்வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்க நிகழ்தகவு என்ன? நாணைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஏற்ப 1/2, 1/3, 1/4 என மூன்று விடைகள் வருகின்றன. கோல்மகோரவ் 1933இல் அமைத்த அடிகோள்கள் கணிதத்தைச் சுத்தப்படுத்தின. ஆனால் கூறுவெளி எது என்று அவை சொல்வதில்லை; அதை வினா எழுதுகிறவர்தான் தர வேண்டும்.

பயிற்சி நூல்களில் நிரந்தரமாகக் குடியிருக்கும் இரு குழந்தை வினா இதற்கு நல்ல சான்று. கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1959இல் இதைப் பரவலாக்கினார்; இரண்டு விடைகளுக்கும் இடமிருப்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ‘ஒரு குடும்பத்தில் இரு குழந்தைகள். ஒரு குழந்தை பெண் எனில் இருவரும் பெண்ணாக இருக்க நிகழ்தகவு யாது?’ குறைந்தது ஒரு பெண் குழந்தை உள்ள குடும்பங்களைப் பட்டியலிட்டு அவற்றில் ஒன்றைப் பொறுக்கியிருந்தால் விடை 1/3. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைத் தற்செயலாகத் தெருவில் கண்டு, அவர் பெண் என்று அறிந்திருந்தால் 1/2. தகவல் எவ்வழி வந்தது என்பதை வினா சொல்லாதவரை இரண்டுக்கும் உரிமை உண்டு. ஆணும் பெண்ணும் சமவாய்ப்பு என்பதும் ஓர் அனுமானம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். ‘சமவாய்ப்பு எனக் கொள்க’ என்ற மூன்று சொற்களை அச்சிட ஒரு வரிகூடச் செலவாகாது.

அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் 1990இல் மர்லின் வாஸ் சாவண்ட் விடை எழுதிய மூன்று கதவு வினாவும் இதே இனம். மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் பரிசு; போட்டியாளர் ஒன்றைத் தேர்ந்ததும் நிகழ்ச்சி நடத்துநர் வேறொரு வெறுங்கதவைத் திறந்துகாட்டி, தேர்ந்த கதவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கதவை மாற்றுவதே மேல், வெற்றி வாய்ப்பு 2/3 என்றார் அவர். பேராசிரியர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். பரிசு எங்கே என்று தெரிந்த நிகழ்ச்சி நடத்துநர் எப்போதும் வெறுங்கதவையே திறப்பார் என்ற விதி இருந்தால் அவர் சொன்னது சரி. நடத்துநர் குருட்டாம்போக்கில் திறந்து அது வெறுங்கதவாக அமைந்திருந்தால் வாய்ப்பு 1/2.

3. தமிழ்ச் சொற்கள் செய்யும் வேலை

இந்தப் பொதுச் சிக்கலோடு தமிழில் சில தனிச் சிக்கல்களும் சேர்கின்றன. முதலாவது, பாடத்தின் மையச் சொல்லே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு மாறி’ என்கின்றன. இரண்டு பகடைகளின் கூடுதல் ஒரு சமவாய்ப்பு மாறி. ஆனால் அது 7 ஆக அமைய வாய்ப்பு 6/36; 2 ஆக அமைய 1/36. ‘சம’ என்ற முன்னொட்டு அங்கே எதையும் சமமாக்கவில்லை. பாக் நீரிணைக்கு அக்கரையில் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே கருத்துக்கு ‘எழுமாறு’ என்கின்றன; எப்படி எழுகிறதோ அப்படி என்ற பொருள் அதில் தொனிக்கிறது, சமம் என்ற வாக்குறுதி இல்லை. இக்கரையினர் அச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கலாம். தேர்வு வினாத்தாள் ஒரு சொல்லில் நிலைத்துவிட்ட பிறகு பயிற்சி நூல் தனியே மாற்ற முடியாது. ஆனால் ‘சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தல்’ வேறு, ‘சம வாய்ப்புள்ள விளைவுகள்’ வேறு என்று அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு குறிப்புப் போடலாம்.

இரண்டாவது, ‘அல்லது’. அன்றாடப் பேச்சில் ‘இட்லி அல்லது தோசை’ என்றால் இரண்டில் ஒன்றுதான். அச்சொல்லின் வேரிலேயே ‘அது இல்லையேல்’ என்ற மறுப்பு இருக்கிறது. கணிதத்தின் ‘அல்லது’ இரண்டும் சேர்ந்து நடப்பதையும் உள்ளடக்கும். 52 சீட்டில் ‘ராஜா அல்லது ஹார்ட்’ வர வாய்ப்பு 16/52 என்கிறது விடைக்குறிப்பு. ஹார்ட் ராஜாவை விலக்கிவிட்டு 15/52 என்று எழுதும் மாணவருக்குக் கணக்கு வருகிறது. அவர் தம் தாய்மொழிக்கு உண்மையாக இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது, எல்லைச் சொற்கள். ‘இரண்டுக்கு மேல்’ என்பதில் இரண்டு சேருமா? ‘18 வயதுக்கு மேற்பட்டோர் வாக்களிக்கலாம்’ என்று சொல்லும்போது பதினெட்டு நிறைந்தவரையும் சேர்த்தே சொல்கிறோம். அதே பழக்கத்தில், ஐந்து நாணயங்களைச் சுண்டி ‘இரண்டுக்கு மேற்பட்ட தலைகள்’ கேட்கப்பட்டால், இரண்டைச் சேர்ப்பவருக்கு 26/32, சேர்க்காதவருக்கு 16/32. ஒரு மதிப்பெண் வினாவில் இந்த இரண்டும் (அ), (ஆ) என அடுத்தடுத்து நிற்கும். ‘குறைந்தது இரண்டு’, ‘மூன்றும் அதற்கு மேலும்’ என்று எழுதிவிட்டால் தகராறு தீரும். ‘ஒரு தலை கிடைக்க’ என்பதும் அப்படியே: ‘ஒரு தலையாவது’, ‘ஒரேயொரு தலை மட்டும்’ இவற்றில் ஒன்றாக அதை மாற்ற வேண்டும். ‘ஆவது’ என்ற இடைச்சொல் தமிழ் கணிதத்துக்குக் கொடுத்த கொடை. வினா எழுதுவோர் அதை ஏனோ கஞ்சத்தனமாகவே பயன்படுத்துகிறார்கள்.

4. சீட்டுக்குப் பதில் தாயம்

சீட்டு வினாக்கள் மீது நெடுநாளாக ஒரு குறை உண்டு. சீட்டுக்கட்டையே தொட்டறியாத மாணவர், அதிலும் மாணவியர், பலர். சீட்டாட்டம் பல வீடுகளில் கெட்ட பழக்கத்தின் பெயர். கட்டில் 52, நான்கு வகை, வகைக்கு 13, முகச் சீட்டுகள் 12 என்று மனப்பாடம் செய்த பிறகே அவர்களுக்கு நிகழ்தகவு தொடங்குகிறது. ‘ஏஸ்’ முகச் சீட்டா என்பதில் டியூஷனுக்கு டியூஷன் வேறுபாடு வேறு. அப்படியிருக்க, மொட்டை மாடியிலும் திண்ணையிலும் கரிக்கோட்டுக் கட்டத்தில் ஆடப்படும் தாயம் நல்ல மாற்றாகத் தோன்றும். அது நல்ல மாற்றுத்தான். ஆனால் அதிலும் வினாவைக் கவனித்து எழுத வேண்டும்.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒன்று வெறுமை. ஆகக் கூறுவெளியில் 16 விளைவுகள். கூடுதல் 1 விழுந்தால் தாயம். அதன் வாய்ப்பு 2/16. கூடுதல் 2க்கு 3/16, 3க்கு 4/16, 4க்கு 3/16, 5க்கு 2/16, 6க்கு 1/16. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1/16. பகடைகளைப் போலவே முக்கோண வடிவில் ஏறி இறங்கும் பரவல், எண்கள் மட்டும் சிறியவை. பலகையில் எழுதிக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

இப்போது வினா: ‘காய் இறக்கத் தாயம் வேண்டும். மூன்று முறை ஆடியும் ஒருவருக்குத் தாயம் விழாமலிருக்க நிகழ்தகவு யாது?’ விடைக்குறிப்பு (7/8)³, அதாவது 343/512, ஏறத்தாழ 0.67 என்று சொல்லும். தாயம் ஆடிய மாணவர் இதை ஏற்கமாட்டார். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான விதி. ஆகவே ‘ஒரு முறை’ என்பது ஒரு தடவை உருட்டுவதா, கட்டை அடுத்தவர் கைக்குப் போகும்வரை உள்ள முழு ஆட்டமா? தமிழில் ‘முறை’ இரண்டையும் குறிக்கும். ‘உன் முறை வந்துவிட்டது’ என்பதும் ‘இரண்டு முறை சொன்னேன்’ என்பதும் ஒரே சொல்தான்.

முழு ஆட்டமாகக் கொண்டால் கணக்கு இப்படிப் போகும். ஒருவர் தம் முறையில் தாயம் போடும் வாய்ப்பு p என்க. முதல் உருட்டிலேயே தாயம் விழ 1/8. 5, 6, 12 இவற்றில் ஒன்று விழ 4/16, அதாவது 1/4. அப்போது மறுபடி உருட்டும் உரிமை, மீண்டும் அதே நிலை. எனவே p = 1/8 + p/4. தீர்த்தால் p = 1/6. மூன்று முறையிலும் தாயம் விழாதிருக்க (5/6)³, அதாவது 125/216, ஏறத்தாழ 0.58. ஒரு சொல்லின் இரு பொருளுக்கு இடையே ஒன்பது சதவீதப் புள்ளி வேறுபாடு. ‘மூன்று தடவை உருட்டியும்’ என்றோ, ‘மூன்று ஆட்டங்களிலும், 1, 5, 6, 12 விழுந்தால் மறுஉருட்டு உண்டு’ என்றோ எழுதினால் இரண்டுமே நல்ல வினாக்கள். முதலாவது பத்தாம் வகுப்புக்கு, இரண்டாவது பன்னிரண்டாம் வகுப்புக்கு. சில ஊர்களில் தொடர்ந்து மூன்று தடவை மறுஉருட்டு விழுந்தால் அத்தனையும் செல்லாது. ஆகவே விதியையும் வினாவுக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது.

சோழி இன்னொரு பாடம் கற்பிக்கும். ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றிய கடைகளில் குவிந்துகிடக்கும் சோழி, தாயக்கட்டை இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்கிறது. அதை நாணயத்தைப்போல் பாவித்து ‘ஆறு சோழிகளில் நான்கு வாய் மேல்நோக்கி விழ’ ஈருறுப்புப் பரவலில் p = 1/2 என்று போட்டால் கணக்கு வரும்; ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சோழியின் முதுகு குவிந்தது, வாய்ப்பக்கம் தட்டை. இரு பக்கமும் சமமாக விழ வேண்டிய காரணம் ஏதுமில்லை. லாப்லாசின் வரையறை இங்கே நின்றுவிடுகிறது. எறிந்து எண்ணிப் பார்த்து, ஒப்பீட்டு நிகழ்வெண்ணிலிருந்து p-ஐ மதிப்பிடுவதே வழி. வினாவை அப்படியே திருப்பலாம்: ஒரு சோழியை நூறு தடவை எறிந்து கிடைத்த எண்ணிக்கையைக் கொடுத்து, அதிலிருந்து ஆறு சோழிக் கணக்கைக் கேட்கலாம்.

5. உள்ளூர்ப் பெயர் போதுமா?

பயிற்சி நூலை ‘மண்ணின் மணத்தோடு’ திருத்துவதென்றால் பெரும்பாலும் பெயர்களை மாற்றுவதாக முடிகிறது. ஆலைக்குப் பதில் உப்பளம், பேருந்துக்குப் பதில் படகு. பெயர் மாறியதும் அதன் பின்னால் உள்ள நடைமுறையும் உள்ளே வந்துவிடும் என்பதை எழுதுகிறவர் மறந்துவிடுகிறார்.

பாக் நீரிணைக் கரையில் நெடுங்காலமாக விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாள் என்ற ஏற்பாடு உண்டு. ராமேசுவரம் விசைப்படகுகளுக்கு அந்த மூன்று நாள்கள் திங்கள், புதன், சனி. இதை அரைகுறையாகக் கேட்டறிந்த ஒருவர் இப்படி எழுதக்கூடும்: ‘விசைப்படகு ஒன்று ஒரு நாளில் கடலுக்குப் புறப்படும் நிகழ்தகவு 3/7. அடுத்தடுத்த இரு நாள்களிலும் அது புறப்பட நிகழ்தகவு யாது?’ சார்பிலா நிகழ்ச்சிகளுக்கான பெருக்கல் விதிப்படி 9/49. கரையோரத்துப் பிள்ளை சொல்லும் விடை பூச்சியம். திங்கள், புதன், சனி ஆகியவற்றில் எந்த இரண்டும் அடுத்தடுத்த நாள்கள் அல்ல. அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த 3/7-உம் இல்லை.

சார்பின்மை வானத்திலும் கிடையாது. இன்று காற்று பலமாக இருந்தால் நாளையும் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐப்பசி கார்த்திகையில் உப்பளத்தில் மழை பெய்த நாளுக்கு மறுநாளும், பங்குனியில் மழை பெய்யாத நாளுக்கு மறுநாளும் ஒரே நாணயத்தைச் சுண்டிப் பெறப்படுபவை அல்ல. சார்பின்மை வேண்டும் என்றால் அதற்குரிய சோதனையைத் தேட வேண்டும்: நாணயம், பகடை, திருப்பி வைத்து எடுக்கும் பை. படகும் மழையும் நிபந்தனை நிகழ்தகவுக்கு ஏற்றவை. ‘சமவாய்ப்பு முறையில் தேர்ந்த ஒரு நாள் விசைப்படகு புறப்படும் நாள் எனில், அது சனிக்கிழமையாக இருக்க நிகழ்தகவு?’ என்று கேட்டால் 1/3. ஊரின் நடைமுறையும் கணிதமும் அப்போது சண்டையிடுவதில்லை.

ஒரு வினா மட்டும் இந்தக் கரையில் கட்டாயம் இடம்பெறத் தக்கது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரயிலும் கடலுக்கு இரையானது. அப்படிப்பட்ட புயலை ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்று சொல்லிவிட்டால், அடுத்தது 2064இல்தான் என்று மனம் கணக்குப் போடும். வினாவுக்காக, ஓர் ஆண்டில் அத்தகைய புயல் வரும் வாய்ப்பு 1/100 என்றும், ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் கொண்டால், 30 ஆண்டுகளில் ஒன்றாவது வர வாய்ப்பு 1 – (0.99)³⁰, ஏறத்தாழ 0.26. வீட்டுக் கடன் அடைக்கும் காலத்துக்குள் நான்கில் ஒன்றுக்கு மேல். இங்கே ‘எனக் கொண்டால்’ என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. 1/100 வினாவுக்கு வைத்த எண், அளந்து பெற்ற எண் அல்ல.

6. ஒவ்வாத தரவுகள்

சொல் சரியாக இருந்தும் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாத வினாக்கள் உண்டு. P(A) = 0.6, P(B) = 0.7, P(A∩B) = 0.2 எனக் கொடுத்து P(A/B) கேட்டால், சூத்திரத்தில் இட்டு 2/7 என்று எழுதிவிடலாம். அப்படியோர் உலகம் இருக்க முடியாது. அந்த எண்களின்படி P(A∪B) 1.1 ஆகிவிடும். A, B வெட்டு குறைந்தது 0.3 ஆவது இருக்க வேண்டும். இந்தப் பிழை விடைக்குறிப்பைச் சரிபார்ப்பவர் கண்ணில் படவே படாது. விடை ஒழுங்கான பின்னமாக வந்து நிற்கும். எண்களை மாற்றிப் புது வினா ஆக்கும் அவசரத்தில்தான் இவை பிறக்கின்றன. நிகழ்தகவுச் சார்பு அட்டவணைகளில் கூடுதல் 1 வராமல் போவதும் இதே வழியில்தான். பேயீஸ் தேற்ற வினாக்களில் சதவீதங்களைத் தருவதற்குப் பதில் ‘ஆயிரம் பேரில் பத்துப் பேர்’ என்று எண்ணிக்கையாகத் தந்தால் இத்தகைய முரண்கள் எழுதும்போதே கண்ணில் படும். மாணவருக்கும் அது எளிது என்பதை உளவியலாளர்கள் கிகரன்சரும் ஹாஃப்ராகும் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

7. சரிபார்க்கும் முறை

திருத்துகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு. விடைக்குறிப்பைப் பாராமல் இருவர் தனித்தனியே வினாவுக்கு விடை எழுதுவது முதல் வேலை. விடை வேறுபட்டால், யார் சரி என்று தேடுமுன் வினாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது பாடம் கற்பிக்காதவராக, தாயமோ படகோ அறிந்தவராக இருப்பது நல்லது; 9/49-ஐப் பார்த்துச் சிரிக்கக்கூடியவர் அவர்தான். கூறுவெளி 36க்குள் அடங்குமானால் முழுவதையும் எழுதி எண்ணிவிடலாம்.

அடங்காதபோது வகுப்பையே ஆய்வுக்கூடமாக்கலாம். நாற்பது மாணவர், ஆளுக்கு 25 ஆட்டம் என்றால் தாயத்தில் ஆயிரம் முறை. p = 1/8 என்றால் தாயம் விழுந்த முறைகள் ஏறத்தாழ 125 இருக்கும்; p = 1/6 என்றால் ஏறத்தாழ 167. இரண்டிலும் திட்டவிலக்கம் 10 முதல் 12 வரைதான். ஆகவே ஒரு பாடவேளை முடிவதற்குள் எந்தப் பொருளில் ‘முறை’ ஆடப்பட்டது என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் தவறான விருப்பங்களையும் திருத்தியாக வேண்டும். கணக்குப் பிழையால் வரக்கூடிய எண் அங்கே இருக்கலாம். வினாவின் வேறொரு நியாயமான வாசிப்பால் வரும் எண் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று தென்பட்டால் அதை நீக்குவது பாதி வேலைதான். அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்த சொல்லையும் மாற்ற வேண்டும். மாற்ற முடியாத பழைய பொதுத்தேர்வு வினாக்களை அப்படியே அச்சிட்டு, கீழே இரண்டு வாசிப்புகளையும் இரண்டு விடைகளையும் கொடுத்து, தேர்வில் எது ஏற்கப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கலாம்.